அமெரிக்க மாநில ஆளுநர் தேர்தல் முடிவைக் கணிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கத் தேர்தல் என்றாலே நம்மில் பலர் ஜனாதிபதித் தேர்தலை மட்டும்தான் பார்க்கிறோம். தேர்தல் கணிப்பைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல களம் மாநில ஆளுநர் தேர்தல்கள். ஜனாதிபதித் தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். ஆளுநர் தேர்தல் ஒவ்வொரு சுற்றிலும் பல மாநிலங்களில் நடக்கிறது. உங்கள் கணிப்பு சரியா தவறா என்று சோதித்துப் பார்க்க நிறைய வாய்ப்பு கிடைக்கும். அதற்குப் பெரிய கணினியோ புள்ளியியல் பட்டமோ வேண்டாம். ஒரு எக்செல் கோப்பும் பொறுமையும் போதும்.

இந்தியாவில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அமெரிக்காவில் ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநில நிர்வாகத்தின் தலைவர் அவர்தான். அதிகாரத்தில் நம்மூர் முதலமைச்சரோடு ஒப்பிடலாம். ஆனால் சட்டமன்றப் பெரும்பான்மையை நம்பி அவர் பதவியில் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல விஷயங்கள் எளிதாகப் புரியும்.

முதலில் நாட்காட்டியும் விதிகளும்

50 மாநிலங்களில் 36 மாநிலங்கள், ஜனாதிபதி பதவிக்காலத்தின் நடுவில் வரும் இடைக்காலத் தேர்தலோடு ஆளுநரையும் தேர்ந்தெடுக்கின்றன. 2018, 2022, 2026 எல்லாம் அப்படிப்பட்ட ஆண்டுகள். ஜனாதிபதித் தேர்தலோடு சேர்த்து 11 மாநிலங்கள் வாக்களிக்கின்றன. நியூ ஜெர்சியும் வர்ஜீனியாவும் அதற்கு அடுத்த ஆண்டில், அதாவது 2021, 2025 என்று வாக்களிக்கின்றன. கென்டக்கி, மிசிசிப்பி, லூசியானா மூன்றுக்கும் ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்தைய ஆண்டு. கூட்டினால் 52 வரும். நியூ ஹாம்ப்ஷயரும் வெர்மான்ட்டும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆளுநரைத் தேர்ந்தெடுப்பதால் இரண்டு தடவை எண்ணப்படுகின்றன.

மாநிலத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதன் விதிகளைப் படியுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் அதிக வாக்கு வாங்கியவர் வென்றுவிடுவார். ஜார்ஜியாவிலும் மிசிசிப்பியிலும் யாருக்கும் 50 சதவீதத்துக்கு மேல் கிடைக்காவிட்டால் மறுசுற்று உண்டு. லூசியானாவில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே வாக்குச்சீட்டில் மோதுகிறார்கள். 2023 அக்டோபரில் ஜெஃப் லேண்ட்ரி முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாங்கிவிட்டதால், இரண்டாம் சுற்றுக்கு வேலையே இல்லாமல் போனது. வெர்மான்ட்டில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் முடிவு மாநிலச் சட்டமன்றத்தின் கைக்குப் போய்விடும். 2014 தேர்தலுக்குப் பிறகு பீட்டர் ஷம்லினைச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுத்தது. இந்த விதிகள் தெரியாமல் போட்ட கணக்கு, எண்கள் சரியாக இருந்தாலும் தவறான விடையைத் தரும்.

பதவி வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவில் ஒருவர் தொடர்ந்து இரண்டு முறை ஆளுநராக இருக்க முடியாது. அதனால் அங்கே எப்போதும் காலி நாற்காலிக்குத்தான் போட்டி.

அடிப்படைக் கோடு: மாநிலம் எந்தப் பக்கம் சாய்கிறது?

கருத்துக்கணிப்பைப் பார்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். வரிசையை மாற்றாதீர்கள். முதலில் கணிப்பைப் பார்த்துவிட்டால் மனம் அந்த எண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நீங்கள் போடும் கணக்கெல்லாம் அதற்கு நியாயம் தேடுவதாகவே முடியும்.

கடைசி இரண்டு ஜனாதிபதித் தேர்தல்களில் அந்த மாநிலம் எப்படி வாக்களித்தது, நாடு முழுக்க எப்படி வாக்களித்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மாநிலத்தின் சாய்வு.

2025 நியூ ஜெர்சியை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். 2024இல் அங்கே கமலா ஹாரிஸ் சுமார் 6 புள்ளி (அதாவது சதவீதப் புள்ளி) வித்தியாசத்தில் வென்றார். நாடு முழுக்க டிரம்ப் 1.5 புள்ளி முன்னிலை. ஆக, நாட்டைவிட நியூ ஜெர்சி ஜனநாயகக் கட்சிப் பக்கம் 7.5 புள்ளி சாய்ந்திருக்கிறது. 2020இல் பைடன் அங்கே சுமார் 16 புள்ளியில் வென்றார், நாடு முழுக்க 4.5 புள்ளியில். சாய்வு 11.5. புதிய தேர்தலுக்கு முக்கால் பங்கு, பழையதற்குக் கால் பங்கு என்று எடை கொடுத்தால் 8.5 வரும். நாடு சரிபாதியாகப் பிரிந்திருந்தால், முகம் தெரியாத ஒரு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அங்கே எத்தனை புள்ளியில் வெல்வார் என்பதற்கு இதுதான் முதல் விடை.

முக்கால், கால் என்பது வேதவாக்கு இல்லை. வேறு விகிதமும் வைக்கலாம். ஆனால் ஒரு சுற்றுக்கு ஒரே விகிதத்தை எல்லா மாநிலங்களுக்கும் வையுங்கள். பிடித்த முடிவு வரும்வரை விகிதத்தை மாற்றிக்கொண்டே போவது கணிப்பு ஆகாது.

நாட்டின் மனநிலை

வெள்ளை மாளிகையில் இருக்கும் கட்சிக்கு மாநிலத் தேர்தல்களில் அடி விழுவது அமெரிக்காவில் பழைய வழக்கம். வர்ஜீனியாவில் 1977 முதல், ஜனாதிபதியின் கட்சி ஆளுநர் தேர்தலில் வென்றது ஒரே ஒரு முறைதான்: 2013இல் டெர்ரி மெக்காலிஃப். நியூ ஜெர்சியில் 1989 முதல் 2017 வரை ஜனாதிபதியின் கட்சி ஒரு முறைகூட வெல்லவில்லை. 2021இல் ஃபில் மர்ஃபி வென்று அதை உடைத்தார், அதுவும் மூன்றே புள்ளியில்.

இந்த மனநிலையை எண்ணாக மாற்ற எளிய வழி ஒன்று இருக்கிறது. நாடாளுமன்றத் தேர்தலில் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பீர்கள் என்று வேட்பாளர் பெயர் சொல்லாமல் நாடு முழுக்கக் கேட்கும் கருத்துக்கணிப்புகள் வரும். அவற்றின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 இலையுதிர் காலத்தில் அது ஜனநாயகக் கட்சிக்குச் சுமார் 3 புள்ளி சாதகமாக இருந்தது. நம் 8.5 இப்போது 11.5 ஆகிறது.

ஆள் யார்?

ஆளுநர் தேர்தலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். புதியவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். செனட் (வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றத்தின் மேலவை) தேர்தலில் கட்சிதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஆளுநர் தேர்தலில் வாக்காளர் ஆளைப் பார்க்கிறார். ரோடு, பள்ளிக்கூடம், சொத்து வரி, புயல் நிவாரணம் எல்லாம் ஆளுநரின் வேலை. அதை ஒழுங்காகச் செய்தவருக்கு எதிர்க்கட்சிக்காரர்களும் ஓட்டுப் போடுகிறார்கள்.

வெர்மான்ட்டைப் பாருங்கள். 2024இல் ஹாரிஸ் 30 புள்ளிக்கும் மேல் வென்ற மாநிலம். அதே நாள், அதே வாக்காளர்கள், குடியரசுக் கட்சியின் ஃபில் ஸ்காட்டுக்கு 70 சதவீதத்துக்கும் மேல் வாக்களித்து ஆளுநராக்கினார்கள். 2016இல் டிரம்புக்கு 30 புள்ளி முன்னிலை கொடுத்த கென்டக்கியில், 2019இல் ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியர் ஐயாயிரத்துச் சொச்சம் வாக்கில் ஜெயித்தார். பதவியில் இருந்த மாட் பெவின் ஆசிரியர்களோடு மோதித் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்தார். 2023இல் பெஷியர் 5 புள்ளியில் மீண்டும் வென்றார்.

மேரிலாந்தின் லாரி ஹோகன் கதையைப் படித்தால் இந்த வேறுபாடு நன்றாகப் பிடிபடும். ஜனநாயகக் கட்சியின் கோட்டையான அந்த மாநிலத்தில், குடியரசுக் கட்சிக்காரரான அவர் 2018இல் சுமார் 12 புள்ளியில் ஆளுநர் தேர்தலில் வென்றார். அதே ஹோகன், அதே மாநிலத்தில், 2024இல் செனட்டுக்கு நின்று சுமார் 12 புள்ளியில் தோற்றார். மக்களுக்கு அவர் மேல் வெறுப்பு வந்துவிடவில்லை. வாஷிங்டனில் எந்தக் கட்சி பெரும்பான்மை என்ற கேள்வி வந்ததும் கட்சிதான் முன்னால் நின்றது. ஆகவே செனட் தேர்தலுக்குப் போட்ட கணக்கை அப்படியே ஆளுநர் தேர்தலுக்குக் கொண்டுவராதீர்கள்.

சரி, இதை எண்ணாக்குவது எப்படி? பதவியில் இருப்பவர் மீண்டும் நிற்கிறாரா என்று முதலில் பாருங்கள். 2022இல் 36 மாநிலங்களில் தேர்தல் நடந்தது. பதவியில் இருந்துகொண்டு போட்டியிட்டுத் தோற்ற ஆளுநர் நெவாடாவின் ஸ்டீவ் சிசோலாக் ஒருவர்தான். மக்கள் ஆதரவு 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஆளுநருக்கு நான் 4 முதல் 6 புள்ளிவரை கூடுதலாகக் கொடுப்பேன். அவருடைய கட்சி அந்த மாநிலத்தில் சிறுபான்மையாக இருந்து, அப்படியும் ஒரு முறை வென்றிருந்தால் அவருடைய முந்தைய வெற்றி வித்தியாசத்தையே பாதி எடையாக எடுத்துக்கொள்வேன். பெஷியர், ஸ்காட் போன்றவர்களுக்குச் சாய்வுக் கணக்கு மட்டும் போதாது.

மோசமான வேட்பாளரையும் கணக்கில் சேருங்கள். 2024இல் வட கரோலினாவில் டிரம்ப் 3 புள்ளியில் வென்றார். அதே வாக்குச்சீட்டில் ஆளுநருக்கு நின்ற குடியரசுக் கட்சியின் மார்க் ராபின்சன் சுமார் 15 புள்ளியில் ஜோஷ் ஸ்டைனிடம் தோற்றார். அவர் முன்பு பேசிய பேச்சுகளும், செப்டம்பரில் அவரைப் பற்றி வெளியான செய்திகளும் அவரை மூழ்கடித்தன. அதே சமயம், கட்சிக்காரர்கள் சமூக ஊடகத்தில் கிளப்பும் எல்லா சர்ச்சைக்கும் புள்ளியைக் குறைத்துவிடாதீர்கள். சொந்தக் கட்சித் தலைவர்களே ஒதுங்கிப் போகிறார்களா, விளம்பரப் பணத்தை நிறுத்துகிறார்களா என்று பாருங்கள். அப்படி நடந்தால்தான் விஷயம் பெரியது.

பணம்? உதவும், ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. 2010இல் கலிஃபோர்னியாவில் மெக் விட்மன் தன் சொந்தப் பணம் 14 கோடி டாலருக்கும் மேல் கொட்டினார். ஜெர்ரி பிரவுனிடம் சுமார் 13 புள்ளியில் தோற்றார்.

நியூ ஜெர்சிக்குத் திரும்புவோம். 2025இல் மர்ஃபி மீண்டும் நிற்க முடியாது. போட்டியிட்ட இருவருமே அதுவரை ஆளுநராக இருந்ததில்லை: ஜனநாயகக் கட்சியில் மைக்கி ஷெரில், குடியரசுக் கட்சியில் ஜாக் சியாட்டரெல்லி. சியாட்டரெல்லி 2021இல் நெருங்கி வந்து தோற்றவர், மாநிலம் முழுக்க அறிமுகமானவர். அதோடு அங்கே ஒரு கட்சி தொடர்ந்து மூன்று முறை ஆளுநர் பதவியை வென்றது 1961க்குப் பிறகு அதுவரை நடந்ததேயில்லை. இந்த இரண்டுக்கும் சேர்த்து இரண்டரைப் புள்ளி கழிக்கலாம். 11.5 இப்போது 9.

இப்போது கருத்துக்கணிப்பு

ஒரு கணிப்பைப் பார்த்ததும் நான்கு கேள்வி கேளுங்கள். யார் எடுத்தார்கள், பணம் கொடுத்தது யார்? எப்போது எடுத்தார்கள்? பதிவு செய்த வாக்காளர்களிடம் கேட்டார்களா, வாக்களிக்க வருவார் என்று தெரிபவர்களிடம் கேட்டார்களா? முடிவு செய்யாதவர்கள் எத்தனை சதவீதம்? கட்சியோ வேட்பாளரோ பணம் கொடுத்து எடுத்து, வெளியே விட்ட கணிப்பு என்றால் அந்த வேட்பாளரின் முன்னிலையில் நான்கைந்து புள்ளியைக் குறைத்துத்தான் நான் சராசரியில் சேர்ப்பேன். தனக்குச் சாதகமில்லாத கணிப்பை எந்த முகாமும் வெளியே விடாது.

600 பேரிடம் எடுத்த கணிப்புக்குப் பிழை வரம்பு கூட்டல் கழித்தல் 4 என்று போட்டிருக்கும். அது ஒரு வேட்பாளரின் சதவீதத்துக்கு. இருவருக்கும் இடையிலுள்ள முன்னிலைக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 48க்கு 44 என்று வந்தால், ஒருவர் 12 புள்ளி முன்னால் இருக்கலாம், 4 புள்ளி பின்னாலும் இருக்கலாம். இதைப் புரிந்துகொண்டால், தினம் ஒரு கணிப்பு வரும்போது ‘முந்துகிறார், பின்தங்குகிறார்’ என்று வரும் தலைப்புச் செய்திகள் உங்களை அசைக்காது.

ஆளுநர் தேர்தல்களில், கடைசி வாரங்களின் கணிப்புகள்கூட முன்னிலையில் சராசரியாக 5 புள்ளி அளவுக்குத் தவறுகின்றன. ஜனாதிபதித் தேர்தலைவிட இது அதிகம். காரணம், சின்ன மாநிலங்களில் கணிப்பு எடுப்பவர்களே குறைவு. 2015 கென்டக்கியில் கணிப்புகள் ஜாக் கான்வே முன்னிலை என்றன. பெவின் சுமார் 9 புள்ளியில் வென்றார்.

தவறு எந்தப் பக்கம் இருக்கும் என்று ஊகிக்காதீர்கள். 2021 நியூ ஜெர்சியில் கணிப்புகளின் சராசரி மர்ஃபிக்கு 8 புள்ளி அளவில் முன்னிலை காட்டியது. வென்றது மூன்றில். அதைப் பார்த்தவர்கள் 2025இல், ‘கணிப்புகள் இங்கே ஜனநாயகக் கட்சியைத் தூக்கிக் காட்டும், ஷெரில் உண்மையில் பின்தங்கியிருப்பார்’ என்றார்கள். கடைசிக் கணிப்புகள் பெரும்பாலும் அவருக்கு ஒற்றை இலக்க முன்னிலை காட்டின, சில கிட்டத்தட்டச் சமம் என்றன. ஷெரில் சுமார் 14 புள்ளியில் வென்றார். நான்கே ஆண்டில், ஒரே மாநிலத்தில், தவறு எதிர்ப்பக்கம் விழுந்தது. கடந்த முறையின் தவறை இந்த முறை ‘திருத்த’ நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

இரண்டையும் கலப்பது

தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கும்போது அடிப்படைக் கணக்குக்கு முக்கால் பங்கு, கணிப்புகளுக்குக் கால் பங்கு. கடைசி வாரத்தில் நல்ல கணிப்புகள் நிறைய இருந்தால் பாதிக்குப் பாதி, அல்லது கணிப்புகளுக்குக் கொஞ்சம் அதிகம். கணிப்பே இரண்டு மூன்றுதான் என்றால் கடைசி நாள்வரை அடிப்படைக் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள்.

நியூ ஜெர்சியில் அடிப்படை 9, கணிப்புகள் 5 என்று வைத்துக்கொண்டால், பாதிக்குப் பாதி கலந்ததும் 7.

குக் பொலிட்டிகல் ரிப்போர்ட், சபாட்டோஸ் கிரிஸ்டல் பால், இன்சைட் எலக்‌ஷன்ஸ் போன்ற நிபுணர் அமைப்புகள் ஒவ்வொரு மாநிலத்தையும் இழுபறி, சாய்கிறது, வாய்ப்பு அதிகம், பாதுகாப்பானது என்று தரம் பிரிக்கின்றன. அவற்றை உங்கள் எண்ணைப் போட்டுவிட்டுப் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் ஏன் என்று தேடுங்கள். உள்ளூர் விஷயம் ஏதோ ஒன்று உங்கள் கண்ணில் படவில்லை என்பதற்கு அது அடையாளம். பந்தயச் சந்தை விலைகளை நான் பார்ப்பதுண்டு, கணக்கில் சேர்ப்பதில்லை. அவையும் பெரும்பாலும் இதே கணிப்புகளைப் பார்த்துத்தான் நகர்கின்றன.

புள்ளியைச் சாத்தியமாக மாற்றுவது

‘ஷெரில் 7 புள்ளியில் வெல்வார்’ என்று நிறுத்தினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. வெல்ல எவ்வளவு சாத்தியம் என்று சொல்ல வேண்டும். சராசரித் தவறு 5 புள்ளி என்றால் திட்ட விலக்கம் (தவறுகள் எவ்வளவு பரவியிருக்கும் என்பதற்கான அளவு) சுமார் 6. உங்கள் முன்னிலையை 6ஆல் வகுங்கள். விடை 0 என்றால் சாத்தியம் 50 சதவீதம், அரை என்றால் 69, ஒன்று என்றால் 84, ஒன்றரை என்றால் 93, இரண்டு என்றால் 98. எக்செலில் இயல்நிலைப் பரவலுக்கான சூத்திரம் இருக்கிறது. அது இடைப்பட்ட எண்களுக்கும் விடை சொல்லும்.

7ஐ 6ஆல் வகுத்தால் 1.17. சாத்தியம் 88 சதவீதம். உண்மையில் அவர் 14இல் வென்றார், நம் கணக்கிலிருந்து 7 புள்ளி தள்ளி. அது ஒரு திட்ட விலக்கத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. இப்படி நான்கில் ஒரு தடவை நடக்கத்தான் செய்யும். எந்த எண்ணையும் முன்பே இழுத்து வளைக்காமல் இது வந்தது என்பதுதான் முக்கியம்.

தேர்தலுக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தால், அல்லது வலுவான மூன்றாவது வேட்பாளர் இருந்தால் 6க்குப் பதில் 8 அல்லது 9 வையுங்கள். 2022 ஒரேகனில் சுயேச்சையாக நின்ற பெட்சி ஜான்சன் 8 சதவீதத்துக்கும் மேல் வாங்கினார், டினா கோடெக் 47 சதவீதத்திலேயே வென்றுவிட்டார். மூன்றாவது ஆளின் வாக்கு கடைசி நேரத்தில் எந்தப் பக்கம் கரையும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

வாக்கு எண்ணும் இரவு

மொத்த எண்ணிக்கையைப் பார்த்துப் பதறாதீர்கள். எந்த வாக்கை முதலில் எண்ணுகிறார்கள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பென்சில்வேனியாவில் தபால் வாக்கு உறைகளைத் தேர்தல் நாளுக்கு முன் திறக்க முடியாது. அதனால் அவை பின்னால் வந்து சேரும். அரிசோனாவில் 2022இல் கேட்டி ஹாப்ஸ் 17,000 சொச்சம் வாக்கில் கேரி லேக்கை வென்றார் என்று தெரியவே கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆனது.

அதற்குப் பதில், முழுதாக எண்ணி முடித்த ஒரு மாவட்டத்தை எடுத்து, அங்கே முந்தைய தேர்தலிலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 2021 வர்ஜீனியாவில் லவுடன் மாவட்டம் நல்ல உதாரணம். 2020இல் பைடன் அங்கே 25 புள்ளி முன்னிலை. 2021இல் மெக்காலிஃபுக்கு 11தான். 14 புள்ளி நகர்வு. மாநிலம் முழுக்க பைடன் வென்றது 10 புள்ளியில். 10இலிருந்து 14ஐக் கழித்தால், மெக்காலிஃபை எதிர்த்து நின்ற க்ளென் யங்கின் 4 புள்ளி முன்னால். கடைசியில் அவர் 2 புள்ளியில் வென்றார். ஒரே ஒரு மாவட்டம் இவ்வளவு நெருக்கமாகச் சொன்னது. நகரம், புறநகர், கிராமம் என்று மூன்று நான்கு மாவட்டங்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, ‘இங்கே இத்தனை வந்தால் சமம்’ என்று எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நம்பலாம்.

பயிற்சிக்கு ஒரு மாநிலம்

2026 நவம்பர் 3 தேர்தலில் ஓஹையோவை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஆளுநர் மைக் டிவைன் பதவி வரம்பால் நிற்க முடியாது. 2024இல் டிரம்ப் அங்கே சுமார் 11 புள்ளியில், 2020இல் 8 புள்ளியில் வென்றார். மேலே சொன்ன வழியில் கணக்கிட்டால் குடியரசுக் கட்சிக்குச் சுமார் 10 புள்ளி சாய்வு வரும். அதில் நாட்டின் மனநிலையைக் கூட்டுவதும் கழிப்பதும் உங்கள் வேலை.

இங்கே தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடியரசுக் கட்சியிலிருந்து களமிறங்கியிருக்கும் விவேக் ராமசாமி, பாலக்காட்டிலிருந்து குடியேறிய தமிழ் பேசும் பெற்றோரின் மகன். நம்மவர் என்ற பாசமோ, அவர் அரசியல் மீதான கோபமோ உங்களுக்கு இருக்கலாம். இரண்டும் எண்ணைக் கெடுக்கும். யார் வெல்ல வேண்டும் என்பதைக் கணக்குக்கு முன்பே ஒரு தனித் தாளில் எழுதிவிடுங்கள். கணக்கு முடிந்ததும் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். உங்கள் ‘ஆள்’ திருத்தங்கள் எல்லாமே ஒரே பக்கமாக, அதுவும் உங்கள் விருப்பத்தின் பக்கமாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் இருக்கிறதா என்று மறுபடி தேடுங்கள்.

முடிவு வந்ததும் உங்களுக்கு மதிப்பெண் போடுங்கள். 88 சதவீதம் சொல்லி அவர் வென்றால், 1இலிருந்து 0.88ஐக் கழித்து வர்க்கப்படுத்துங்கள்: 0.0144. தோற்றிருந்தால் 0.88இன் வர்க்கம்: 0.7744. எல்லா மாநிலத்துக்கும் சராசரி எடுங்கள். எண் குறையக் குறைய நல்லது. எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் என்று சொல்லிவிட்டுப் போனாலே 0.25 வந்துவிடும். பாதுகாப்பான மாநிலங்களைச் சேர்த்தால் சராசரி தானாக அழகாகிவிடும். அதனால் நிபுணர்கள் இழுபறி, சாய்கிறது என்று போட்ட மாநிலங்களுக்கு மட்டும் தனியாக ஒரு சராசரி வையுங்கள். அந்தத் தனிச் சராசரி 0.25க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த சுற்றுக்கு எந்தத் திருத்தத்தை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.